பொருள்: 'பிரைம் லென்ஸ்' தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

ஆசிரியை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒளிப்படப் பயிலரங்கு. பழைய லயத்து வீடுகளையும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), இன்னும் பால்வெட்டு (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது) நடக்கிற ஒரு சிறுதோட்டத்தையும் அவர்கள் படமும் காணொளியுமாகப் பதிவு செய்யப்போகிறார்கள். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். குளிர்ச்சி இருக்கிறவரைதான் பால் நன்றாக ஓடும். அந்த இருட்டுக்குக் கேமராவோடு வருகிற 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் போதாது. அதன் திறப்பு (ஒளி புகும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப் 3.5இல் தொடங்கி, 55 மி.மீ.க்கு இழுத்தால் 5.6 ஆகச் சுருங்கிவிடுகிறது. 50 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸை மாட்டினால் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கேனனின் 50 எடை 160 கிராம்தான், பிள்ளைகள் கையில் நாள் முழுக்க இருந்தாலும் வலிக்காது.

இதையெல்லாம் தமிழில் எழுதிவிட்டேன். 'பிரைம்' மட்டும் நிற்கிறது. 'முதன்மை வில்லை' என்று எழுத மனம் வரவில்லை. அதில் முதன்மை எதுவும் இல்லையே. ஜூம் போல நீளாமல் ஒரே குவியத் தொலைவில் (லென்ஸின் மி.மீ. எண்) நிற்பது என்பதுதான் பொருள். சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்:

வணக்கம் டீச்சர். முதலில் 'லென்ஸ்' என்று எழுதுவதை விடுங்கள். ஈழத்துப் பாடநூல்களில் குவிவுவில்லை, குழிவுவில்லை என்று எப்போதோ வந்துவிட்டது. கற்பூர வில்லை, மருந்து வில்லை என்று நாமும் சொல்கிறோம். சேவகர் மார்பில் குத்தியிருந்த பித்தளைத் தகடும் வில்லைதான். லத்தீனில் 'லென்ஸ்' என்றால் பருப்பு. நாம் கடையில் மைசூர்ப் பருப்பு என்று வாங்குகிறோமே, அதே இனம். இரண்டு பக்கமும் புடைத்த கண்ணாடிக்கு அவர்கள் பருப்பின் பெயரை வைத்தார்கள். நம் சொல்லோ 'வில்'லிலிருந்து வந்தது: வளைந்தது வில், வளைந்த விளிம்புடையது வில்லை. பருப்பைவிட நம் சொல் பொருளுக்கு நெருக்கமானது.

இனி 'பிரைம்'. கணிதத்தில் இதைப் பகா எண் என்கிறோம். நன்னூலில் பதவியலைத் திறந்தால் பகுபதம், பகாப்பதம். 'பகா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். செல்லாக்காசு, அழியாப்புகழ் போல. ஆகவே 'பகா வில்லை'. ஜூமுக்கு 'பகு வில்லை' என்று வினைத்தொகையாக வைத்துக்கொள்ளலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் பகா எண் தெரியும்.

திருமணப் படப்பிடிப்பாளர், ஈப்போ:

ஐயா, பகா எண் பிள்ளைக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல். 'பகா வில்லை' என்றதும் எது வகுபடவில்லை என்று தேடுவான். இந்த லென்ஸில் வகுபட எதுவும் இல்லை, நகர்த்த ஒரு வளையம் இல்லை, அவ்வளவுதான். ஆளைப் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் நாம்தான் இரண்டு எட்டு முன்னால் போக வேண்டும். என் வாக்கு 'ஒருகுவிய லென்ஸ்'.

டீச்சர், சொல்லோடு இதையும் கவனியுங்கள். உங்கள் கேமராக்கள் 1.6 மடங்கு வெட்டுகிற சிறிய சென்சார் (படம் பதியும் சில்லு) கொண்டவை என்றால் 50 மி.மீ. அதில் 80 போலத் தெரியும். பால்வெட்டுகிறவரின் முகத்துக்கும் கைக்கும் அருமை. லயத்து வீட்டுக்குள் போனால் முதுகு சுவரில் முட்டும், பாதி அறைதான் படத்தில் விழும். உள்ளே எடுக்க கேனனின் 24 மி.மீ. எஃப் 2.8 ஒன்றாவது இரவல் வாங்குங்கள். 125 கிராம், சட்டைப்பையில் போகும். பேன்கேக் லென்ஸ் என்பார்கள், அத்தனை தட்டை. 70-200 எஃப் 2.8 யாராவது கொடுத்தாலும் வேண்டாம். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, சின்ன ஜிம்பல்கள் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவிகள்) தாங்காது. இன்னொன்று, மண்டபத்துக் குழல்விளக்கில் காணொளி எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள். நம் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வேறு வேகத்தில் வைத்தால் படத்தில் வரி ஓடலாம்.

வங்கி ஊழியர், கிள்ளான்:

பேன்கேக்குக்கு 'தோசை லென்ஸ்' என்று போடுங்கள். காலையில் பசியாறும்போது பார்க்கிற பொருள், எந்தப் பிள்ளையும் மறக்காது.

ஒரு சிறு திருத்தம்: 'காணொலி' என்பதே சரி. காட்சியும் ஒலியும் சேர்ந்ததுதானே வீடியோ?

தைப்பிங்:

காண் என்பது வினையடி. காண்+ஒலி வினைத்தொகை ஆனால் கண்ட ஒலி, காண்கிற ஒலி, காணும் ஒலி என்று விரியும். ஒலியை யார் கண்டது? காண்+ஒளி என்றால் முக்காலத்திலும் பொருள் நிற்கும். காணொளிதான்.

கிள்ளான்:

அப்படியானால் ஒலியில்லாத படத்துக்கும் அதே பெயர்தானா? உங்கள் சொல்லில் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடமே இல்லையே. எல்லாச் சொல்லையும் விரித்துப் பார்த்துத்தான் புழங்குகிறோமா, ஐயா?

இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்:

காணொளியை இன்னொரு இழைக்குக் கொண்டு போவோம், டீச்சருக்கு நேரமில்லை.

வில்லையை ஈழத்தில் வழங்குகிறோம் என்பது சரி. வில்லிலிருந்து வந்தது என்பதை நான் ஏற்கவில்லை. கற்பூர வில்லையில் என்ன வளைவு? தெலுங்கிலும் தட்டையான வட்டத் துண்டைப் பில்ல என்கிறார்கள். தட்டைத் துண்டு என்பதே மூலப்பொருள்.

'ஒருகுவிய' என்பதில் எனக்கு இரண்டு தடை. குவிவுவில்லைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குவியங்கள் உண்டு என்று நாங்கள்தான் வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறோம். அத்தோடு, தூரத்துக்கும் வாசிப்புக்குமாகச் சேர்த்துச் செய்த மூக்குக்கண்ணாடி இருகுவியக் கண்ணாடி. ஒருகுவியம் என்றால் அதற்கு எதிரானது என்றுதான் பிள்ளை எண்ணும். 'நிலைக்குவியம்' இன்னும் மோசம். பாவித்துவிட்டு எறிகிற பழைய பிலிம் கேமராவில் குவிப்பை (ஃபோகஸை) மாற்றவே முடியாது, நிலைக்குவியம் அதுதான். பிரைமில் குவிப்பு மாறும், குவியத் தொலைவுதான் மாறாது. ஆகவே 'மாறாத்தொலைவு வில்லை'. நீளம்தான், ஆனால் பிழையில்லை.

பின்குறிப்பு: 'திறப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குத் திறப்பு என்றால் சாவி. 'துவாரம்' என்று போட முடியுமா?

ஆசிரியை, சுங்கை சிப்புட்:

ஐயா, இங்கே சாவி சாவிதான், குழப்பம் வராது. எண் சிறுத்தால் துளை பெருக்கும் என்பதைப் புரியவைப்பதே பெரிய வேலை. 50ஐ 1.8ஆல் வகுத்தால் 28 மி.மீ., 5.6ஆல் வகுத்தால் 9 மி.மீ. என்று இரண்டு வட்டம் வரைந்து காட்டியிருக்கிறேன். அதன் பக்கத்தில் 'திறப்பு' என்ற சொல் தானாக விளங்குகிறது. 'மாறாத்தொலைவு' என்றால் ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவே உள்ள தூரம் மாறக்கூடாது என்று எடுத்துக்கொள்வார்கள். பிரைமில் மாற வேண்டியதே அந்தத் தூரம்தான்.

முன்னாள் தோட்டக் கிராணி (எழுத்தர்), சுங்கை சிப்புட்:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் தாத்தா பாட்டிக்கு விடிகாலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), கையில் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), எதிரில் கித்தா (ரப்பர்) மரம். ஒன்று ஆங்கிலம், மற்றவை மலாய். அவர்களே பால்மரம், பால்வெட்டு என்றும் சொன்னார்கள்; யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. வேலைக்கு எது உதவியதோ அது நின்றது. பிள்ளை நாளைக்கு ஈப்போவில் கடைக்குப் போய் 'லென்ஸ்' என்றுதான் கேட்கப்போகிறது. அந்தச் சொல் அதன் வாயில் இருக்கட்டும். முன்னால் வருகிற அடைமொழி தமிழாக இருந்தால் எனக்குப் போதும்.

தைப்பிங்:

கிராணி ஐயா சொன்னதை மதிக்கிறேன், என் அப்பாவும் பெரட்டுக்கு நின்றவர்தான். ஆனால் அவர்கள் கடன் வாங்கியபோது தமிழின் வாய்க்கு ஏற்ப மாற்றினார்கள்: கெத்தா கித்தா ஆயிற்று, பரேட் பெரட்டு ஆயிற்று. 'லென்ஸ்' அப்படி மாறவில்லை. லகரம் சொல்லுக்கு முதலில் வராது, ஸகரம் நம் எழுத்தே அல்ல. எழுதத்தான் வேண்டும் என்றால் 'இலென்சு' என்று எழுதுங்கள்.

ஈப்போ:

'இலென்சு' என்று தட்டித் தேடினால் பிள்ளைக்கு ஒரு விலைப்பட்டியலும் கிடைக்காது, ஐயா.

கிள்ளான்:

நான் 'ஒருகுவிய லென்ஸ்' பக்கம். இருகுவியக் கண்ணாடி பிள்ளைகள் போடுகிற வயதில்லை.

ஆசிரியை, சுங்கை சிப்புட்:

அச்சகத்திலிருந்து அழைத்துவிட்டார்கள். கையேட்டில் முதல் இடத்தில் 'ஒருகுவிய லென்ஸ் (பிரைம் லென்ஸ்)' என்றும், பிறகு எல்லா இடத்திலும் 'ஒருகுவிய லென்ஸ்' என்றும் போட்டிருக்கிறேன். ஜூம் ஜூமாகவே இருக்கிறது. 'பெரிதாக்கி' என்று போட்டால் பூதக்கண்ணாடி என்று நினைப்பார்கள். தோசை லென்ஸுக்குப் படத்தின் கீழே ஒரு வரி கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்து ஐயாவின் தடை எனக்குச் சரியாகவே படுகிறது. அதனால் 'இங்கே குவியம் என்பது குவியத் தொலைவைக் குறிக்கும்' என்று அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறேன். 24 மி.மீ. ஒன்று இரவல் கிடைத்துவிட்டது, ஈப்போ அண்ணனுக்கு நன்றி.

யாழ்ப்பாணம்:

அடிக்குறிப்பு தேவைப்படுகிற சொல் இன்னும் கலைச்சொல் ஆகவில்லை. ஆனாலும் இந்தச் சனிக்கிழமைக்கு இது போதும், அச்சடியுங்கள்.

தைப்பிங்:

எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிந்துகொள்ளுங்கள். 'ஒருகுவிய வில்லை' என்றாவது போட்டிருக்கலாம். அடுத்த பதிப்புக்குமுன் வில்லை பற்றித் தனியாக விரிவாக எழுதுகிறேன். தெலுங்குப் பில்லவுக்கும் அதில் பதில் இருக்கும்.