மறு: நிருபரின் ‘மோர்க்’ – ‘நறுக்கறை’ சரிவருமா?

வணக்கம்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் திகில் ஆட்டம் கால் ஆஃப் கதுலு. அதன் பாத்திரத்தாளை (ஆடுபவர் ஏற்கும் பாத்திரத்தின் தொழிலும் திறன்களும் எழுதிய தாள்) தமிழாக்கும் வேலையில் மருத்துவரும் பேராசிரியரும் அதிகச் சச்சரவில்லாமல் முடிந்துவிட்டார்கள். பத்திரிகையாளர்தான் இழுத்துக்கொண்டே போகிறார். அதிலும் ‘மோர்க்’ (பத்திரிகை அலுவலகத்தில் பழைய செய்தி நறுக்குகளைச் சேர்த்து வைக்கும் அறை) என்ற ஒரே சொல்லுக்கு ‘நறுக்கறை’ என்று நான் சொன்னதற்கு இவ்வளவு மடல் வரும் என்று நினைக்கவில்லை. தனித்தனியாகப் பதில் எழுதினால் இழை சிக்கலாகிவிடும், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மடல்.

> மோர்க் என்றால் பிணவறை. அப்படியே போட்டுவிடலாமே? திகில் ஆட்டத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

பொருந்திப்போவதுதான் சிக்கலே. இந்த ஆட்டத்தில் நிஜப் பிணவறையும் அடிக்கடி வரும். மருத்துவர் அங்கே போய்ச் சடலத்தின் காயத்தைப் பார்ப்பார்; அதே பிற்பகலில் நிருபர் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய செய்திகளைப் புரட்டுவார். குழு பிரிந்து வேலை செய்கிற அந்தக் கட்டத்தில், “நான் பிணவறைக்குப் போகிறேன்” என்று நிருபரை ஆடுபவர் சொன்னால் கதைசொல்லி (ஆட்டத்தை நடத்துபவர்) எந்த அறையை விவரிப்பது? ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பத்துக்கு இடமுண்டு. ஆனால் அங்கே அது பத்திரிகைக்காரர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொழிற்சொல். நியூயார்க் டைம்ஸ் தன் பழைய நறுக்குச் சேமிப்பை இன்றும் அந்தப் பெயரில்தான் அழைக்கிறது. தமிழில் ‘பிணவறை’ இன்னும் தேயவில்லை. கேட்டதும் மூக்கில் மருந்து வாடைதான் அடிக்கும்.

> ஆவணக் காப்பகம் என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

நல்ல சொல்தான், ஆனால் அது வேறொரு இடத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. நிலப் பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு, நீதிமன்றக் கோப்பு எல்லாம் இருக்கும் அரசு அலுவலகத்தைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறோம். அங்கே எழுத்தரைப் பேசி மசியவைக்க வேண்டும். நிருபரின் சொந்த அலுவலகத்தில் அந்தத் தொல்லை இல்லை, நேராக உள்ளே போகலாம். இந்தத் தொழிலை ஒருவர் தேர்ந்தெடுப்பதற்கே அது பாதிக் காரணம்.

‘பழைய இதழ்க் காப்பகம்’ என்று இன்னொருவர் சொன்னதை மேலோட்டமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர் சொல்வது சேர்த்துத் தைத்து அட்டை போட்டு வைத்த இதழ்த் தொகுதிகளை. அவை தேதிவாரியாக இருக்கும். எந்த மாதம் என்று தெரிந்தால்தான் எதையும் எடுக்க முடியும். தெரியாவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். மோர்க் அப்படி இல்லை. அன்றாடம் வெளியாகும் செய்திகளைக் கத்தரித்து, தேதி முத்திரை குத்தி, ஆளின் பெயரிலோ பொருளின் பெயரிலோ உள்ள உறைக்குள் மடித்துப் போடுவார்கள். தேதி தெரிய வேண்டாம், ஒரு பெயர் கிடைத்தால் போதும். இறந்துபோன வீட்டுக்காரரின் பெயரைக் கொடுத்தால் அவர் மேல் நடந்த வழக்கு, அவர் நடத்திய விசித்திரமான சபை, பக்கத்து வீட்டார் கொடுத்த புகார் எல்லாம் ஒரே உறையில் வந்து விழும்.

ஆட்டத்தில் இந்த வித்தியாசம் பகடை வரைக்கும் போகிறது. தொகுதியைப் புரட்டுவது பல மணி நேர வேலை. அதற்குள் மற்றவர்கள் அந்த வீட்டின் நிலவறைக்கே போய்விடுவார்கள். உறை விரைவாகக் கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும், அதாவது யார் பெயரைக் கேட்டோம் என்பது இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். தவறிய பகடை வீச்சை வலிந்து மறுபடி உருட்டலாம், அதுவும் தவறினால் கதைசொல்லி விளைவு வைப்பார் என்பது ஆட்டத்தின் 7ஆம் பதிப்பு விதி. நிருபருக்கு வைக்கத் தோதான விளைவு இதுதான்: அந்த உறையைப் பற்றி அவர் விசாரித்த செய்தி, விசாரிக்கப்பட்டவரின் காதுக்கே போய்ச் சேர்வது. இன்னொன்று, உறை இருக்கும், மேலே பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதைக் காப்பகம் என்ற பொதுச்சொல்லுக்குள் அமுக்கினால் ஆடுபவருக்கு அந்த இடமே கண்ணில் தெரியாது.

இனி ‘நறுக்கறை’.

செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்த துண்டைப் ‘பத்திரிகை நறுக்கு’ என்று சொல்வது தமிழில் இருக்கிற வழக்கம்தான். அதற்கு முன்பே ஓலை நறுக்கு உண்டு. நறுக்குத் தெறித்தாற்போல் எழுதுவது நிருபருக்கு அழகு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம், அது சும்மா ஒரு கூடுதல் மகிழ்ச்சி. வகுப்பு + அறை வகுப்பறை ஆவதுபோல நறுக்கு + அறை நறுக்கறை. இலக்கணத்தில் தடையில்லை.

> காய் நறுக்கும் அறை என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் கசாப்பு.

தோன்றட்டுமே. வினைத்தொகையாகப் படித்தால் நறுக்குகிற அறை, பெயராகப் படித்தால் நறுக்குகள் உள்ள அறை. முதல் தடவை கேட்பவருக்கு ஒரு நொடி திடுக்கென்றிருக்கும், அடுத்த வரியில் உறையும் மேசையும் வந்ததும் விளங்கிவிடும். ஆங்கிலச் சொல்லில் இருந்த அந்தக் கறுப்புக் கேலி பிணவறை இல்லாமலே நமக்குக் கிடைத்துவிடுகிறது. ‘கத்தரிப்புக் கோப்பகம்’ என்ற மாற்றுப் பரிந்துரை துல்லியமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற ஆட்டத்தில் அதை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? படிவத்தில் நிரப்பத்தான் ஆகும்.

‘நறுக்கு’ என்ற வேரை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டம் 1981இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து கேயாசியம் நிறுவனம் வெளியிட்டது. அதற்கு மூலமான, திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் அதே பெயர்க் கதை 1928இல் வந்தது. அந்தக் கதையே நறுக்குகளால் ஆனது. இறந்த பெரியப்பாத் தாத்தாவின் பெட்டியில் 1925 வசந்தகாலத்து விபரீதங்களைப் பற்றிய நறுக்குகள் குவிந்து கிடக்கின்றன. நறுக்கு சேகரித்துத் தரும் நிறுவனம் ஒன்றை அமர்த்தித்தான் அவ்வளவையும் வரவழைத்திருப்பார் என்று கதைசொல்பவன் ஊகிக்கிறான். பின்னால் ஓர் அருங்காட்சியகத்தில் கனிமக் கற்களுக்கு அடியில் விரித்திருந்த பழைய சிட்னி புல்லட்டின் தாள் தற்செயலாக அவன் கண்ணில் பட, துண்டுகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமில்லை, சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து. நிருபர் பாத்திரம் இந்த ஆட்டத்தில் செய்வதும் இதையேதான். எனவே விளையாடுவோர் கையில் அச்சடித்துக் கொடுக்கும் போலிச் செய்தித்துண்டுக்கும் ‘நறுக்கு’ என்றே பெயர் வைத்துவிடலாம். கடிதம், வரைபடம் போன்ற மற்றவை ‘கைத்தாள்’ ஆகட்டும்.

இதோடு ஒட்டி வரும் திறனின் பெயரையும் இப்போதே முடித்துவிடுவோம். ‘நூலகப் பயன்பாடு’ என்று பழைய வரைவில் இருக்கிறது. படித்தால் உறுப்பினர் அட்டையின் பின்பக்கம் போல இருக்கிறது. அந்தத் திறன் நூலகத்துக்குள் அடங்குவதுமில்லை. பதிவேடு, நாளேடு, ஓலையேடு எதிலும் தேடலாம். மூன்றிலும் ‘ஏடு’ நிற்கிறதல்லவா? ‘ஏட்டுத்தேடல்’ என்று வைக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் என்று ஒருவர் உடனே கிண்டலடித்திருந்தார். இந்த ஆட்டத்தில் துப்பாக்கியைவிட ஏட்டுச் சுரைக்காய்தான் கறிக்கு உதவும் என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தொடக்க மதிப்பு 20, பத்திரிகையாளர் தன் கல்வி எண்ணின் நான்கு மடங்குப் புள்ளிகளிலிருந்து இதில் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் ‘கிரெடிட் ரேட்டிங்’ என்று வரும் எண்ணுக்குக் ‘கடன் தகுதி’ வேண்டாம், ‘அந்தஸ்து’ போதும். பத்திரிகையாளருக்கு 9 முதல் 30 வரை என்று வருகிற எண் வங்கிக் கணக்கைப் பற்றியதாக மட்டும் இல்லை, எந்த வீட்டு வாசலில் அவரை உட்காரச் சொல்வார்கள் என்பதைப் பற்றியதும்கூட.

> ‘மனநலப் புள்ளி’யை மாற்ற வேண்டிய அவசியம் என்ன?

திகிலைக் கண்டால் குறைகிற ‘சானிட்டி’ எண்ணுக்குப் போட்டிருந்த அது மருத்துவமனைச் சொல். சித்தம் கலங்குவது, சித்தம் பேதலிப்பது என்று நம்மிடம் இருப்பதே போதும். ‘சித்தம்’ என்று ஒரு சொல்லில் வைப்போம். “சித்தம் 6 குறைந்தது” என்று மேசையில் சொல்லவும் வாகாக இருக்கிறது. ஒரே அடியில் 5 அல்லது அதற்கு மேல் போனால் புத்திக்கூர்மைக்கு ஒரு வீச்சு உண்டு. அதில் வென்றால்தான் தற்காலிகமாகக் கலக்கம் வரும், தோற்றவர் கண்டதை மனம் மறைத்துவிடுவதால் தப்பிப்பார். விளங்கிக்கொண்டவருக்கே கேடு. கதுலு மர்மம், அதாவது ஆட்டத்தின் அமானுஷ்ய ரகசியங்கள், பற்றிய அறிவு ஏறஏறச் சித்தத்தின் உச்சவரம்பு 99இலிருந்து அந்த அளவுக்கு இறங்குவதும் இதே கணக்கு. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே தீருவேன் என்று கிளம்புகிற நிருபருக்கு இதைவிடக் கொடூரமான விதி எழுத முடியாது. இது ‘மனநலம்’ என்ற சொல்லில் வராது, ‘சித்த’த்தில் வரும்.

இதே கதையுலகை வைத்து வந்த இன்னொரு ஆட்டமான டிரெயில் ஆஃப் கதுலுவையும் (2008) இதே சொற்பட்டியலில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: சேர்க்கலாம். அங்கே உரிய திறன் இருந்து, உரிய இடத்தில் தேடினால் முக்கியத் துப்பு பகடையில்லாமலே கிடைத்துவிடும். கிடைக்குமா என்ற பதற்றம் போய், கிடைத்ததை வைத்து என்ன செய்வது என்ற பதற்றம் மட்டும் மிஞ்சும். நறுக்கறை அங்கேயும் நறுக்கறைதான், ஏட்டுத்தேடலும் அப்படியே.

தொழிலின் பெயரைப் பற்றிச் சுருக்கமாக. ‘ஊடகவியலாளர்’ 1920களில் நடக்கும் கதைக்குள் கைப்பேசியோடு நுழைந்தவர் மாதிரி இருக்கிறார். பொதுத் தலைப்பு ‘பத்திரிகையாளர்’, களத்தில் அலைபவர் ‘நிருபர்’, மேசையில் இருப்பவர் ‘ஆசிரியர்’. நிருபரை ஆடுபவர் “மைக்ரோஃபில்ம் போட்டுப் பார்க்கிறேன்” என்று சொல்வதையும் கதைசொல்லி தடுக்க வேண்டும். செய்தித்தாள்கள் படச்சுருளுக்கு மாறத் தொடங்கியது 1930களில்தான்.

ஆக, மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏறப்போகும் வரி இது:

நறுக்கறை: பத்திரிகை அலுவலகத்தில் செய்தி நறுக்குகளைப் பெயர்வாரியாகவும் பொருள்வாரியாகவும் உறையிட்டு வைத்த அறை. அந்தப் பத்திரிகையில் வேலை செய்பவர் தடையின்றி நுழையலாம்; வெளியார் பேசி அனுமதி பெற வேண்டும்.

இதில் ‘வெளியார்’ என்ற இடம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இல்லாமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கி எழுதுபவரை எதில் சேர்ப்பது? அவருக்குத் தமிழில் என்ன பெயர் என்பதும் இன்னும் முடிவாகவில்லை. ‘சுயேச்சை நிருபர்’ என்றால் தேர்தலில் நிற்பவர் மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.