மறு: [கலைச்சொல்] காய்ச்சல் பாட்டிலுக்கு என்ன பெயர் வைப்பது?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த மின்மடல் இழை நீண்டுவிட்டது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு சுருக்கம்: குழந்தைகளின் காய்ச்சலுக்கும் வலிக்கும் ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் போன்ற மருந்துகள் சிரப்பாகக் கிடைக்கின்றன. ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி, அதாவது வலியோடு வரும் வீக்கத்தையும் தணிக்கிற வகை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துத் தாய்மார்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் இந்த வகைக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும்.

இப்போது எங்கள் பக்கம் இதற்கும் பாராசிட்டமாலுக்கும் ஒரே பெயர்தான்: "காய்ச்ச டானிக்கு". வீட்டில் இரண்டு பாட்டில் இருந்தால் இரண்டும் காய்ச்சல் டானிக். ஒன்று கேட்கவில்லை என்றால் மற்றது. காலையில் அம்மா ஒன்றை ஊற்றிவிட்டுக் கருவாட்டு வேலைக்குப் போயிருப்பார். மதியம் அப்பத்தா இன்னொன்றை ஊற்றுவார். இரண்டு பேருமே காய்ச்சல் டானிக்தான் கொடுத்தார்கள்.

> பாடநூலில் "அழற்சி எதிர்ப்பு மருந்து" இருக்கிறதே. புதிதாக எதற்கு?

படிக்கிறவர்களுக்கு அது போதும். ஆனால் மருந்து கொடுக்கும் ஜன்னலில் அந்தச் சொல் காதில்தான் விழுகிறது. எங்கள் பேச்சில் ழகரம் நிற்பதில்லை. "அளர்ச்சி" என்று வாயில் வரும், "அலர்ஜி" என்று காதில் ஏறும். ஒரு பெண்ணிடம் "இது அழற்சிக்கு உள்ள மருந்தும்மா" என்று சொல்லிப் பார்த்தேன். பாசி எடுத்துவிட்டுக் கடலிலிருந்து நேராக வந்திருந்தார். பாறை கீறாமலிருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அலர்ஜிக்கா சார்? அப்ப சின்னவனுக்கு மேலெல்லாம் கொப்புளமா இருக்கே, அவனுக்கும் இதையே ஊத்தவா?" என்றார். சின்னவனுக்கு வந்திருந்தது சின்னம்மை. சின்னம்மையில் ஐபுபுரூஃபனைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்; கொப்புளத்தின் வழியாகக் கிருமி புகுந்து தோலுக்கடியில் பரவும் ஆபத்து அதனால் கூடலாம் என்பது காரணம்.

"ஒவ்வாமை என்ற சொல் பரவிவிட்டால் குழப்பம் தானே தீரும்" என்கிறார் கீழக்கரைக் காக்கா (அண்ணன்). பரவட்டும் காக்கா. அதுவரைக்கும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராமலா இருக்கும்?

> முழுப்பெயரை அப்படியே தமிழாக்கலாம்: "ஊக்கமருந்து அல்லாத அழற்சி எதிர்ப்பி".

ஆங்கிலத்தில் முழுப்பெயர் நான்-ஸ்டீராய்டல் ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி. ஸ்டீராய்டை ஊக்கமருந்து என்று எழுதுவது விளையாட்டுச் செய்திகளால் வந்த பழக்கம். ஓட்டப்பந்தயத்தில் பிடிபடுகிறவர்களின் விவகாரம் காய்ச்சல் பிள்ளையின் பாட்டிலில் எதற்கு? இதை விட்டுவிடலாம்.

> சித்த மருத்துவ மரபில் "வீக்கமுருக்கி" போல ஒன்று பொருந்தாதா?

பரமக்குடி சித்த மருத்துவர் ஐயாவின் இந்த மடல்தான் எனக்கு வழி காட்டியது. சித்த மருந்தியலான குணபாடத்தில் செய்கைப் பெயர்கள் எவ்வளவு கச்சிதமாக இருக்கின்றன பாருங்கள்: கோழையகற்றி, சிறுநீர்பெருக்கி, மலமிளக்கி, இசிவகற்றி, துயரடக்கி. மருந்து உள்ளே போய் என்ன செய்யும் என்பது கடைசி இரண்டு மூன்று எழுத்துகளிலேயே வந்துவிடுகிறது. அகற்றி என்றால் வெளியேற்றும். அடக்கி என்றால் அடக்கி வைக்கும், அவ்வளவுதான்.

நம் சிரப் உருக்குவதும் இல்லை, அகற்றுவதும் இல்லை. நம் சிரப்பும் சேர்ந்த ஆஸ்பிரின் வகை மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971-இல் லண்டனில் மருந்தியலாளர் ஜான் வேன் காட்டினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். அடிபட்ட இடத்திலும் கிருமி புகுந்த இடத்திலும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உண்டாகின்றன. வலியைக் கூட்டுவது, வீங்க வைப்பது, மூளையில் உடல் வெப்பத்தின் அளவை ஏற்றி வைப்பது எல்லாம் அவற்றின் வேலை. மருந்து அந்த உற்பத்தியைத் தடுக்கிறது. கிருமி இருந்த இடத்தில்தான் இருக்கும். ஆறு, எட்டு மணி நேரத்தில் மருந்தின் வேகம் குறைந்ததும் காய்ச்சல் திரும்ப ஏறும். "மருந்து கேக்கலை" என்று உடனே இன்னொரு மூடி ஊற்றுவது இங்கேதான் நடக்கிறது. பெயரில் "நிவாரணி", "கொல்லி", "எதிர்ப்பி" என்றெல்லாம் இருந்தால் நோயே தீரும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்தோலை அமிலத்திலிருந்து காக்கிறது. வெறும் வயிற்றில் கொடுக்காதே என்பது அதனால். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்து வைத்திருப்பதும் அதுதான். சித்திரை வெயிலில், குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிற தெருவில், வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும் பிள்ளை காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை என்றால், அந்த நேரத்தில் இந்த சிரப் சிறுநீரகத்துக்குக் கெடுதல். முதலில் உப்பு சர்க்கரைக் கரைசல், அப்புறம் ஆஸ்பத்திரி. ஆக, "அடக்கி" என்ற விகுதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அடக்கக் கூடாததையும் சேர்த்து அடக்கும் மருந்து இது. "அடக்கம் என்றால் எங்களுக்கு வேறு நினைவு வரும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். துயரடக்கி இத்தனை காலம் புழங்கியிருக்கிறது, யாரும் பயந்து ஓடவில்லை.

> அப்படியானால் "அழலடக்கி"?

சொல்லழகில் இதுதான் முதலிடம். ஆனால் சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்றால் அழல் பித்தம். பித்தத்தை அடக்குவது என்று பொருள் போய்விடும். உள்ளழலாற்றி என்று வேறொரு செய்கைப் பெயரும் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெயரை எடுத்து நம் பிள்ளைக்கு வைக்க வேண்டாம்.

என் முன்மொழிவு: மூவடக்கி. வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றையும் அடக்குவது. மூ + அடக்கி, மூவாயிரம் போல வகரம் வரும். புணர்ச்சிப் பிரச்சினை இல்லை. ழகரமும் இல்லை, அலர்ஜியும் இல்லை. கட்டுரை, பாடநூல் எழுதுகிறவர்கள் "அழற்சியடக்கி" என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. துண்டறிக்கையில் மூவடக்கி.

> அப்போது பாராசிட்டமால் "ஈரடக்கி"யா?

கணக்கு சரிதான், அது வலியையும் காய்ச்சலையும் மட்டும் அடக்கும். வீக்கத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் ஈரடக்கி என்றால் ஈரத்தை அடக்குவதா, ஈரலை அடக்குவதா என்று கேட்பார்கள். அளவு மீறினால் பாராசிட்டமால் ஈரலைத்தான் கெடுக்கும் என்பதால் சிரிக்கவும் முடியவில்லை. பாராசிட்டமால் என்ற பெயர் எங்கள் கிழவிகள் வாயிலேயே நன்றாகப் புழங்குகிறது. பழகிய பெயரைத் தமிழின் பேரால் பிடுங்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் ஒரே பாட்டிலில் கலந்து வரும் சிரப்புகள் நம் ஊரில் சாதாரணம். 5 மி.லி.-யில் முதலாவது 100 மி.கி., இரண்டாவது 162.5 மி.கி. இருக்கும் பாட்டில் பல வீடுகளில் உண்டு. அதைக் கொடுத்துவிட்டு மேலே ஒரு பாராசிட்டமால் சிரப்பும் கொடுத்தால் பிள்ளைக்குப் பாராசிட்டமால் இரட்டிப்பாகப் போகும், யாருக்கும் தெரியாது. பாட்டிலின் மேல் "மூவடக்கி + பாராசிட்டமால்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தால் அப்பத்தாவுக்குப் படித்துச் சொல்லப் பேத்தி போதும்.

"வயசுக்கு இவ்வளவு என்று போட்டுவிடுங்கள்" என்ற மடலுக்கு: வயது வேண்டாம், எடைதான் கணக்கு. ஐபுபுரூஃபன் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. 5 மி.லி.-யில் 100 மி.கி. உள்ள சிரப் என்றால், 10 கிலோ பிள்ளைக்கு 2.5 முதல் 5 மி.லி. வரை. இரண்டு வயதில் 8 கிலோவும் உண்டு, 13 கிலோவும் உண்டு. அடுப்படி ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு; சங்கில் கோடே கிடையாது. பாட்டிலோடு வரும் அளவு மூடியைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்வதே பெரிய மருத்துவ ஆலோசனை.

டெங்கு பற்றி யாரும் எழுதவில்லை, ஆச்சரியம். தண்ணீர்த் தட்டுப்பாட்டால் எங்கள் வீடுகளில் டிரம்மும் தொட்டியும் வருடம் முழுக்க நிறைந்தே இருக்கும். டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் காய்ச்சல் டெங்குவா இல்லையா என்று தெரியும் வரை மூவடக்கி கூடாது. டெங்குவில் தட்டணுக்கள் குறையும். இந்த மருந்து அவற்றின் உறையும் வேலையையும் தடுக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். ரத்தக் கசிவுக்கு இரண்டு பக்கமும் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. பாராசிட்டமாலும் நீராகாரமும் மட்டும். இந்த ஒன்றுக்காகவே இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன்.

இந்த வகையிலேயே எல்லாமும் ஒன்றல்ல. நிமெசுலைடை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்க 2011-இலேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. மெஃபனமிக் அமிலத்தால் அரிதாக உடம்பெங்கும் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டலோடு கடுமையான எதிர்வினை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. "போன தடவை மிச்சம் இருந்த பாட்டில்" என்பதைக் கேள்வி கேட்க வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

> சிரப்புக்கு "பாகு" போதுமே. ஆடாதோடை மணப்பாகு என்று சொல்கிறோமே.

பாகு என்றால் கரைந்தது. நம் பாட்டில் உண்மையில் சிரப் இல்லை, சஸ்பென்ஷன். மருந்து பொடியாக நீரில் மிதக்கிறது. அலமாரியில் ஒரு வாரம் நின்ற பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: மேலே ஆரஞ்சு நிறத்தில் தெளிவு, அடியில் வெள்ளையாகப் படிவு. குலுக்காமல் ஊற்றினால் முதல் வேளைகளில் மருந்து குறைவு, கடைசி வேளைகளில் அதிகம். பள்ளி வேதியியலில் இதற்குத் "தொங்கல்". காதுத் தொங்கல்தான் நினைவுக்கு வருகிறது. தேவிபட்டினத்திலிருந்து வந்த "கலங்கல்" நல்ல பழைய சொல், கண்மாய்க்காரர்களுக்கும் கடல்காரர்களுக்கும் தெரிந்தது. ஆனால் கலங்கல் மருந்து என்றால் கெட்டுப்போனது என்று கொட்டிவிடுவார்கள். "குலுக்கு மருந்து" என்கிறேன். "குலுக்கல் மருந்து" என்று எழுதிவிடாதீர்கள், பரிசு எப்போது விழும் என்பார்கள்.

துண்டறிக்கையின் வரைவு இது. வெட்டுங்கள், ஒட்டுங்கள்:

"இது மூவடக்கி. மருந்தின் பெயர் ஐபுபுரூஃபன். வலி, வீக்கம், காய்ச்சலை அடக்கும், நோயைத் தீர்க்காது. இது குலுக்கு மருந்து: நன்றாகக் குலுக்கி, கூட வந்த மூடியில் மட்டும் அளக்கவும். உங்கள் பிள்ளையின் எடைக்கு ஒரு வேளை ____ மி.லி. ஏதாவது சாப்பிட்ட பிறகு கொடுக்கவும். அடுத்த வேளைக்கு 8 மணி நேரம் கழியட்டும். 6 மாதம் நிரம்பாத குழந்தை, வாந்தி பேதி, அம்மை, டெங்கு சந்தேகம், வீசிங், வயிற்றுப் புண் என்றால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த மருந்தும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவும்."

"கழியட்டும்" என்பதை "ஆகட்டும்" என்று மாற்றச் சொன்னால் மாற்றிவிடலாம்.

ஒன்று பாக்கி இருக்கிறது: டிராப்ஸ். "சொட்டு மருந்து" என்று எழுதினால் போலியோ முகாம் என்று நினைப்பார்கள். பாராசிட்டமால் டிராப்ஸில் 1 மி.லி.-க்கே 100 மி.கி.; சாதாரண சிரப்பில் 5 மி.லி.-க்கு 125 மி.கி. சிரப் என்று நினைத்து டிராப்ஸை 5 மி.லி. ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போகும். தொண்டியிலிருந்து "துளிமருந்து" என்று ஒரு சொல் வந்திருக்கிறது. அளவு சின்னது என்று மட்டும்தான் அது சொல்கிறது. மருந்து கெட்டியானது என்பதும் பெயரிலேயே தெரிய வேண்டும். இதற்குத் தனி இழை தொடங்குவோம், தலைப்பை மாற்றி எழுதுங்கள்.