அப்டேட்: கடைசி லைன் ரெண்டு தடவ வந்த பிரச்சன தீந்துச்சு, கூடவே க்ராஷும்

முன்னாடி கேட்டிருந்தேன்ல, சி மொழில ஒரு ஃபைல லைன் லைனா படிச்சு மெமரில வைக்கிற ப்ரோக்ராம், கடைசி லைன் ரெண்டு தடவ வருது, சில சமயம் மட்டும் க்ராஷ் ஆகுது, அப்போ அவுட்புட் ஃபைலும் காலியா இருக்குன்னு. லைன் பிரச்சனையும் க்ராஷும் வேற வேற தப்பு.

முதல்ல லூப். ஃபைல் முடிஞ்சுச்சான்னு எஃப்இஓஎஃப் (feof) வச்சு செக் பண்ணிட்டு அப்புறம் படிச்சிட்டிருந்தேன், ஆனா அது ஒரு தடவ படிக்கப் போயி தோத்த பிறகுதான் உண்மை சொல்லும், அதான் கடைசி லைன் ரெண்டு தடவ வந்துச்சு. இப்போ எஃப்கெட்ஸ் (fgets, ஒரு லைன் படிக்கிற ஃபங்ஷன்) நல் (NULL, அதாவது எதுவும் கிடைக்கல) குடுக்குதான்னு மட்டும் பாக்குறேன், அவ்ளோதான்.

க்ராஷ்தான் தூக்கத்த கெடுத்துச்சு. எஸ்டிஆர்லென் (strlen, லைன் எத்தன பைட்னு எண்ற ஃபங்ஷன்) குடுத்த நீளத்த அப்படியே மல்லாக்குக்கு (malloc, மெமரி ஒதுக்குற ஃபங்ஷன்) குடுத்திருக்கேன், லைன் முடிஞ்சுச்சுன்னு காட்ட கடைசில வர்ற நல் எழுத்துக்கு ('\0') +1 போடல. மல்லாக் உள்ளுக்குள்ள ரவுண்ட் பண்ணி கொஞ்சம் கூடவே குடுக்கும்ங்கறதால பல லைன் தப்பிச்சிடுது, என் 64 பிட் லினக்ஸ்ல சரியா 24 பைட் லைன் வந்தா பக்கத்து மெமரி பிளாக்க பத்தி மல்லாக் குறிச்சு வச்சிருக்கிற கணக்கு மேலயே எழுதிடுது! வால்கிரைண்ட் (Valgrind, மெமரி தப்ப கண்டுபிடிக்கிற டூல்) ஓட்டினதும், 24 பைட் பிளாக்குக்கு அடுத்த பைட்ல எழுதுறேன்னு லைன் நம்பரோட சொல்லிடுச்சு. (அம்மா-ன்னு எழுதினா யுடிஎஃப்-8ல (எழுத்துகள பைட்டா சேமிக்கிற முறை) 15 பைட், எழுத்த எண்ணி ஏமாறாதீங்க.)

அவுட்புட் ஃபைல் காலியா இருந்ததுக்கும் இந்த க்ராஷ்தான் காரணம், எழுதினது பஃபர்லயே (ஃபைலுக்கு போறதுக்கு முன்னாடி தங்குற மெமரி) இருக்க, ஃபைல மூடுற எஃப்குளோஸ் (fclose) வர்றதுக்குள்ள ப்ரோக்ராம் செத்துடுது.

ஒதுக்கின மெமரியோட அளவ மாத்துற ரியல்லாக்க (realloc) மட்டும் இன்னும் தொடல, அது ஃபெயிலாகி நல் குடுத்தா பழைய பாயின்டர் (மெமரி இருக்கிற இடத்தோட முகவரி) போயிடாம தனி வேரியபிள்ல வாங்கணும், அத இன்னைக்கு ராத்திரி மாத்துறேன்.