கழலையை எடுத்துவிட்டால் விழுங்குவது சரியாகுமா?

பட்டர்வொர்த் மகள்:
அம்மாவுக்கு 61 வயது. கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு வீக்கம், இருபது வருஷமாக இருக்கிறது. வலிக்கவில்லை என்று விட்டுவிட்டார். இப்போது ரொட்டி சானாயைக் குழம்பில் ஊறவைத்தால்தான் இறங்குகிறது. மாத்திரை பாதியில் நின்றுவிடுகிறது. கழலை நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி, உணவுக்குழாயை ஒதுக்கித் தள்ளியிருப்பதாக சிடி ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தால் சரியாகுமா? குரலே போய்விடும் என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேறு பயமுறுத்துகிறார்.

ஜெலுத்தோங் அக்கா:
தங்கச்சி, நான் 2019-ல் முழுத் தைராய்டையும் எடுத்தவள். விழுங்குவது சரியாகும், ஆனால் மறுநாளே ஆகாது. முதல் வாரம் முன்பைவிட மோசம்! மயக்கத்துக்கு விட்ட குழாயால் தொண்டை புண், உள்ளே வீக்கம், தண்ணீர் குடித்தாலே புரையேறும். கஞ்சிதான். அப்புறம் பல வாரம், விழுங்கும்போதெல்லாம் தையல் போட்ட தோல் கூடவே இழுக்கும். இரண்டு மாசம் கழித்து ஒருநாள் நாசி கண்டார் சோறு சாப்பிட்டேன். தட்டு காலியான பிறகுதான் பார்த்தேன், தண்ணீர்க் கிளாஸைத் தொடவே இல்லை.

குரல் நரம்பு தைராய்டை ஒட்டியே ஓடுகிறது, அதனால்தான் அந்தப் பயம். எனக்குப் பேச்சு போகவில்லை. தேவாரத்தில் மேல்ஸ்தாயி மட்டும் இன்னும் எட்டவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் கூட்டத்தோடு சேர்ந்து சமாளிக்கிறேன்.

இரண்டாம் நாள் உதடும் விரல் நுனியும் சுருசுருவென்றது. கால்சியம் குறைந்திருக்கிறது என்றார்கள். அம்மாவுக்கு அப்படி இருந்தால் உடனே நர்ஸிடம் சொல். எடுத்த தைராய்டுக்குப் பதிலாகத் தரும் தைராக்சின் மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. நான் கோப்பியோடு போட்டுத் திட்டு வாங்கினேன். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

செந்தூல்காரன்:
என் கதை வேறு. கழலை சின்னது, எடுத்தும் தொண்டையில் அடைப்பு போகவில்லை. பிறகு ஸ்கோப் போட்டுப் பார்த்தால் வயிற்று அமிலம் மேலே ஏறுகிறதாம்.

ஜெலுத்தோங் அக்கா:
அண்ணே, அவள் அம்மாவுக்கு உணவுக்குழாயே நகர்ந்திருக்கிறது, அது வேறு. இருந்தாலும் அமிலத்தையும் கேட்டுவைக்கட்டும். தங்கச்சி, அம்மா மல்லாந்து படுத்தால் மூச்சு இரைகிறதா?

பட்டர்வொர்த் மகள்:
ஆமாம் அக்கா, மூணு தலையணை வைத்துத்தான் தூங்குகிறார்.

ஜெலுத்தோங் அக்கா:
அப்படியென்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காதே. நாளைக்கே போன் போட்டு இதைச் சொல். ஆபரேஷனுக்கு முன்னாடி குரல்நாணையும் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்.