பற்றிய ஐந்தாவது நொடியே அணைந்துவிடும் ஃபர்னஸ்: என்ன பார்க்கலாம்?

நடுராத்திரி:
மணி 2:20. பேஸ்மெண்டில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸுக்கு எதிரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே வீட்டுக்குள் 14 டிகிரி.

நடப்பது இதுதான். தெர்மோஸ்டாட்டை ஏற்றினால் முதலில் ஒரு சின்ன மோட்டார் உறுமத் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ ஒன்று ஆரஞ்சு நிறத்தில் தகதகக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம், நீலத் தீ வரிசையாகப் பிடிக்கிறது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அணைந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்தேன், நான்கு ஐந்து நொடிதான். மூன்று முறை இதே கூத்து, அப்புறம் சத்தமே இல்லை. பவரை அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

தெர்மோஸ்டாட் பேட்டரி மாற்றியாகிவிட்டது. காற்றை வடிகட்டும் ஃபில்டர் போன வாரம்தான் போட்டேன், அதுவும் கடையில் இருந்ததிலேயே உசத்தியானது, ஆகவே தயவுசெய்து யாரும் ஃபில்டரைப் பற்றிக் கேட்க வேண்டாம். ஃபர்னஸுக்கு வயது 11. பழுது பார்ப்பவர் நாளை மறுநாள்தான் வருவாராம். அதுவரை நானே கைவைக்கக் கூடியது ஏதாவது உண்டா?

வெயில்விரும்பி:
ஃபர்னஸை இயக்கும் கண்ட்ரோல் போர்டு போயிருக்கும். எங்களுக்கு அதைத்தான் மாற்றினார்கள். பர்ஸைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்பானர்:
போர்டின் மேல் அதற்குள் பழி போட வேண்டாம். 26 வருடம் இந்த வேலை பார்த்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். நல்ல போர்டுகள் குப்பைக்குப் போனதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. புகையை வெளியே இழுக்கும் சின்ன மோட்டார் ஓடுகிறது. இழுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பிரஷர் சுவிட்சும் அனுமதி கொடுத்துவிட்டது, இல்லையென்றால் அடுத்த கட்டமே வராது. தகதகத்தது தீ மூட்டும் இக்னைட்டர். 'டக்' சத்தம் கேஸ் வால்வ் திறந்தது. தீயும் பிடிக்கிறது. இத்தனையும் சரி. தீ இருக்கிறது, ஆனால் இருக்கிறது என்று போர்டுக்குத் தெரியவில்லை. எரியாத கேஸ் வீட்டுக்குள் சேரக் கூடாதே, அதனால் சில நொடி பார்த்துவிட்டு வால்வை மூடிவிடுகிறது. அது தன் கடமையைத்தான் செய்கிறது.

தீயைச் சொல்ல வேண்டியது ஃப்ளேம் சென்சர். பெயர்தான் பெரிசு, பொருள் ஒரு மெல்லிய கம்பி. தீக்குள் நின்றுகொண்டு, தீயின் வழியாகப் பாயும் துளி மின்சாரத்தைப் போர்டுக்குக் காட்டும். துளி என்றால் சில மைக்ரோஆம்ப், ஒரு ஆம்பில் பத்து லட்சத்தில் சில பங்கு. கம்பியின் மேல் கண்ணுக்கே தெரியாத படலம் படிந்தாலும் அந்தத் துளியும் நின்றுபோகும்.

கேஸ் வாடை துளி அடித்தாலும் இதில் எதையும் செய்யாதீர்கள். விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள். வாடை இல்லையென்றால் பவரையும் கேஸையும் மூடிவிட்டு பர்னர் பக்கக் கதவைக் கழற்றுங்கள். பெரும்பாலும் இக்னைட்டருக்கு எதிர்க்கோடியில், ஒற்றை வயரும் ஒற்றைத் திருகுமாக சென்சர் இருக்கும். வயரை உருவி, கால் அங்குல நட் டிரைவரால் திருகை எடுத்து, நேராக இழுங்கள். பீங்கான் பகுதியை நெரிக்க வேண்டாம். நைஸான ஸ்டீல் வுல்லால் கம்பியைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். முரட்டு உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். இக்னைட்டரைத் தொடவே வேண்டாம், அப்பளம் மாதிரி நொறுங்கும்.

கதவை அழுத்தி மூடுங்கள். பல ஃபர்னஸில் கதவுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் உண்டு. அது அமுங்காவிட்டால் ஃபர்னஸ் செத்தது போலக் கிடக்கும்.

இன்னொன்று: வாடையே இல்லாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு அலாரம் இருக்கிறதா?

நடுராத்திரி:
3:25. எரிகிறது அண்ணா! கம்பி பார்ப்பதற்கு அழுக்காகவே இல்லை, லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான். தேய்த்ததும் புது ஆணி மாதிரி மின்னியது. அலாரம் இருக்கிறது, பட்டனை அழுத்தினால் கத்துகிறது. தூங்கப் போகிறேன்.

நடுராத்திரி:
காலை 9:00. தூங்கியது வீண். இப்போது வேறு மாதிரி. பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாக எரிகிறது, அப்புறம் தீ மட்டும் அணைந்து, காற்றை ஊதும் ப்ளோயர் ஓடிக்கொண்டே இருக்கிறது, குளிர்ந்த காற்று வருகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே மறுபடி பற்றுகிறது. போர்டில் விளக்கு சிமிட்டுவதை எண்ணி, கதவின் உள்பக்கத்து அட்டவணையில் பார்த்தால் லிமிட் சுவிட்ச் திறந்திருப்பதாகப் போட்டிருக்கிறது.

பழைய ஸ்பானர்:
கேட்க வேண்டாம் என்று சொன்ன ஃபில்டரைப் பற்றி இப்போது கேட்கிறேன். என்ன ரகம்? என்ன தடிமன்? அறைகளில் காற்று வரும் திறப்புகளை எங்காவது மூடி வைத்திருக்கிறீர்களா?

நடுராத்திரி:
மெர்வ் 13, அதாவது தூசி பிடிக்கும் திறனுக்கான எண். ஒரு அங்குலம். ஆள் இல்லாத இரண்டு அறைகளில் மூடி வைத்திருக்கிறேன், கேஸ் மிச்சமாகுமே என்று. நேற்றுவரை ஐந்து நொடிக்கு மேல் எரியவே இல்லை, அதனால் இது தெரியவில்லை போலிருக்கிறது.

பழைய ஸ்பானர்:
அதேதான். முதல் கோளாறு இரண்டாவதை மறைத்து வைத்திருந்தது. ஃபில்டர் நெருக்கமாக இருந்தால் தூசி நன்றாகப் பிடிக்கும், காற்றுக்கும் வழி குறையும். ஒரு அங்குலத்துக்குள் மெர்வ் 13 என்றால் பல ஃபர்னஸுக்கு மூச்சு முட்டும். போதாததற்கு இரண்டு அறைகளை வேறு மூடிவிட்டீர்கள். உள்ளே உண்டாகும் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போகவில்லை, அதனால் சூடு எல்லை மீறாமல் காக்கும் லிமிட் சுவிட்ச் தீயை அணைத்துவிட்டு ப்ளோயரை ஓட விடுகிறது. மெர்வ் 8 போட்டு, மூடிய திறப்புகளைத் திறந்து விடுங்கள். அதன் பிறகும் அணைந்தால் ஆள் வரும்வரை ஓட்ட வேண்டாம். லிமிட் சுவிட்சை வயரால் இணைத்துத் தாண்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

குளிர்தாங்கி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையதில் சின்ன மோட்டார் ஓடுகிறது, ஆனால் தகதகப்பே வருவதில்லை. புகை வெளியேற பிவிசி குழாய் வைத்த மாடல்.

பழைய ஸ்பானர்:
வெளியே போய் அந்தக் குழாய்களின் வாயைப் பாருங்கள், பனி அடைத்திருக்கும். அது இல்லையென்றால் உள்ளே தண்ணீர் வடியும் டியூப் அடைத்திருக்கலாம், களகளவென்று சத்தம் கேட்கும். இரண்டிலும் பிரஷர் சுவிட்ச் சம்மதிக்காது.

நடுராத்திரி, அலாரத்தின் பட்டன் கத்தினால் பேட்டரியும் மணியும் சரி என்றுதான் அர்த்தம். உள்ளே இருக்கும் சென்சருக்கு ஆயுள் வேறு. கழற்றிப் பின்பக்கத் தேதியைப் பாருங்கள்.

நடுராத்திரி:
ஃபில்டர் மாற்றினேன், மூடிய திறப்புகளைத் திறந்தேன். மூன்று மணி நேரமாக ஒழுங்காக ஓடுகிறது, வீடு 20 டிகிரி. அலாரத்தையும் கழற்றிப் பார்த்தேன். பின்னால் 2013 என்று இருக்கிறது. புதுசு வாங்கக் கிளம்பிவிட்டேன்.