ஐவிஎஃப் செய்றப்ப அக்குபங்சருக்கும் போகணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தலவாக்கலை டீச்சர்:
எனக்கு 36, கல்யாணமாகி ஒம்போது வருஷம். கொழும்புல ஐவிஎஃப் (கருவ லேப்ல உண்டாக்கி கர்ப்பப்பையில வைக்கிற சிகிச்சை), இது ரெண்டாவது தடவ, மொத தடவ நிக்கல. கரு வைக்கிற நாள் கிட்ட வருது. கண்டியில ஒருத்தர் ஒடம்புல மெல்லிசு ஊசி குத்துற அக்குபங்சர் வைத்தியம் செய்றாராம், கரு வைக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் குத்திக்கிட்டா சான்ஸ் ரெண்டு மடங்காகும்ங்கிறாரு, நாத்தனார் போயே ஆகணும்ங்கிறாங்க, வீட்டுக்காரர் வேணாம்ங்கிறாரு. நகை அடகுல கெடக்கு, சீட்டும் எடுத்தாச்சு. ஹோர்மோன் ஊசி வைக்க வீட்ல ஃப்ரிட்ஜ் இல்ல, பக்கத்து வீட்ல சுகர் ஊசின்னு பொய் சொல்லி வச்சிருக்கேன், தெனம் ராத்திரி அவங்க கதவத் தட்டுறப்ப மனசு கூசுது. உண்மையச் சொல்லுங்க, போகவா வேணாமா?

பதுளை நர்ஸ்:
தங்கச்சி, அந்தக் காசக் கையில வைங்க. இந்த ரெண்டு மடங்குக் கதை 2002ல ஜெர்மனியில 160 பேர வச்சு செஞ்ச ஆய்வுலருந்து வர்றது. குத்திக்கிட்டவங்கள்ல 42.5 சதவீதம் கர்ப்பம், மத்தவங்கள்ல 26.3. அதுலயே ரெண்டு மடங்கு வரல பாருங்க. மத்தவங்க சும்மா படுத்திருந்தாங்க, யாருக்கு ஊசி யாருக்கு இல்லன்னு அவங்கவங்களுக்கே தெரியும். அப்புறம் 2018ல வந்த ஆய்வு, ஆஸ்திரேலியா நியூசிலாந்துல 848 பெண்கள், ஒரு பாதிக்கு நெஜ ஊசி, மறு பாதிக்கு தோலுக்குள்ள எறங்காத போலி ஊசி, அதையும் சரியான புள்ளியில இல்லாம வேற எடத்துல வச்சாங்க. புள்ள பொறந்தது நெஜ ஊசிக்கு 18.3 சதவீதம், போலி ஊசிக்கு 17.8. இதுக்கா நகையோட சேத்து தோட்டையும் அடகு வைக்கணும்?

லிந்துலை அக்கா:
நர்ஸம்மா, நீங்க சொல்ற கணக்கு சரியாவே இருக்கட்டும். நான் மூணு மாசம் போனேன், எனக்கும் நிக்கல. ஆனாலும் போங்கன்னுதான் சொல்வேன். கொழும்புக்கு விடிய முன்னாடி பஸ் ஏறி, நம்பர் எடுத்து, பகல் வரைக்கும் உக்காந்திருந்தா டொக்டர் அஞ்சு நிமிஷம் ஸ்கேன் ஸ்கிரீனப் பாப்பாரு, என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு. அக்குபங்சர் செஞ்ச அம்மா கையப் புடிச்சு நாடி பாத்துட்டு "ராத்திரி தூங்குனீங்களா"ன்னு கேட்டாங்க. நான் அழுதுட்டேன். அத்தன வருஷத்துல மாமியார் கேக்கல, புருஷன் கேக்கல, அந்தம்மாதான் கேட்டாங்க.

பதுளை நர்ஸ்:
அக்கா, அத மன ஆறுதலுக்குன்னு சொல்லிக் காசு வாங்குனா எனக்கு சண்டையே இல்ல. புள்ள நிக்கும்னு சொல்லித்தானே வாங்குறாங்க. அதவிடக் கொடும, "மனச அமைதியா வச்சுக்கோ, அப்பத்தான் கரு நிக்கும்"னு சொல்லி அனுப்புறது. நிக்கலன்னா பழி யாரு மேல? நீதான் கவலப்பட்டே, நீதான் அழுதேன்னு அவ தலையிலதான். 2011ல 14 ஆய்வுகளச் சேத்து, 3,583 பெண்களோட விவரத்தப் பாத்தாங்க, சிகிச்சைக்கு முன்னாடி கவலையா இருந்ததுக்கும் அந்தத் தடவ கர்ப்பம் நின்னதுக்கும் தொடர்பில்ல. தங்கச்சி, நீங்க நல்லா அழலாம். அழுததால கரு கலஞ்சு போகாது.

மஸ்கெலியா தம்பி:
ஆம்பள பேசலாமான்னு தெரியல. எங்களுக்குக் குறை என் பக்கம், விந்தணு கொறவு. ஆனா சடங்கு வீட்ல தட்டுத் தூக்க என் சம்சாரத்தத்தான் கூப்பிட மாட்டாங்க. குறை என்னோடதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, அது என் தப்பு. கண்டிக்கு நாங்களும் போனோம், ஒரு வாட்டிக்கு மூணு நாள் பேர், அதாவது தோட்டத்து மூணு நாள் சம்பளம், போற மாதிரி செலவு, வளைவு வளைவா பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டு வர்றவளுக்கு என்ன அமைதி? உள்ள அவளுக்கு ஊசி, நான் வெளில பெஞ்சுல. கவுன்சிலிங்னா ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசணும். அது கெடைக்கலன்னா மனநல உதவிக்கு 1926ங்கிற போன் நம்பர் இருக்கு, நான் பேசிருக்கேன்.

லிந்துலை அக்கா:
தம்பி, நீங்க அம்மாகிட்ட சொன்னதே பெரிய காரியம். ஆனா லயத்துல, ஒட்டி ஒட்டி இருக்கிற தோட்டத்து வரிசை வீட்ல உக்காந்து 1926க்கு எப்படிப் பேசுறது? நான் தும்முனா அடுத்த காம்பராவுல "நூறு"ங்கிறாங்க. கண்டிக்குப் போனதாலதான் ஒரு மணி நேரம் யாருக்கும் பயப்படாம அழ முடிஞ்சுது, அதுக்குத்தான் காசு குடுத்தேன்னு வச்சுக்கோங்க.

பதுளை நர்ஸ்:
அக்கா, இத நான் யோசிக்கல. நான் குவாட்டர்ஸ்ல இருக்கேன், கதவ மூடினா மூடினதுதான். சரி, போறதுன்னா ஊசி புதுசா உங்க முன்னாடி பாக்கெட் பிரிச்சு எடுக்கணும். கொழும்பு டொக்டருக்கு சொல்லிட்டுப் போங்க, ரத்தம் உறையாம இருக்க ஏதும் மருந்து குடுத்திருந்தா அத அக்குபங்சர் செய்றவருக்கும் சொல்லணும். கூடவே கஷாயம் பொடி குடுத்தா வாங்காதீங்க. ரெண்டு மடங்குன்னு மறுபடி சொன்னா எழும்பி வந்துடுங்க.

தலவாக்கலை டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. மொத தடவ நான் அழுததாலதான் போச்சுன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. கரு வைக்கிற அன்னைக்கு கண்டிப் பயணம் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ போறேன், அக்கா சொன்ன அந்த ஒரு மணி நேரத்துக்காக. வீட்டுக்காரரையும் உள்ள கூப்பிடச் சொல்லிக் கேப்பேன்.

லிந்துலை அக்கா:
நீங்க ரெண்டு தடவயாவது போகணும்னுதான் நான் இன்னும் சொல்வேன். அது கெடக்கட்டும், எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கு, உங்களுக்கு பத்து நிமிஷ பஸ்தான். ஊசியக் கொண்டாந்து வைங்க, எங்கிட்ட சுகர்னு சொல்லத் தேவையில்ல.

பதுளை நர்ஸ்:
பஸ்ஸுல கொண்டு போறப்ப ஐஸ் மேல நேரா படாம துணி சுத்துங்க. அக்கா, ஃப்ரீசர்ல வேணாம், நடுத் தட்டுல வைங்க.