பாத்திரக் கடை வெப்சைட்டுக்குப் படவேலை: சந்தா கட்டாம எந்த சாஃப்ட்வேர்?

அரசலாற்றங்கரை:
கும்பகோணத்துல ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்கு சைட் செய்யறேன். 140 பொருள், பாதி நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, எல்லாம் ஐபோன்ல எடுத்த படம். பின்னணியை வெட்டி வெள்ளையில வைக்கணும், பேனர்ல தமிழ் எழுத்து வரணும். டிசைனர் பேனரை பிஎஸ்டியா (போட்டோஷாப் ஃபைல்) கொடுத்திருக்கார். லேப்டாப் விண்டோஸ் 10, ரேம் 4 ஜிபி. மாசாமாசம் சந்தா கட்ட பட்ஜெட் இடம் கொடுக்கல. எதை எடுக்கலாம்?

குடமுருட்டி:
அன்றாட வேலைக்கு கிம்ப் 3, பிஎஸ்டியைத் திறக்க போட்டோபியா. ரெண்டுக்கும் காசு வேண்டாம். அஃபினிட்டியும் 2025 அக்டோபர்லேர்ந்து இலவசம்தான் (கேன்வா கணக்கு வேணும்), ஆனா 4 ஜிபியில திணறும்.

போட்டோபியா பிரவுசர்லயே ஓடுது. லேயர் ஸ்டைல் (நிழல், ஓரக்கோடு மாதிரி), ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (திரும்பத் திருத்தற மாதிரி உள்ளே பொதிஞ்ச படம்) பெரும்பாலும் அப்படியே நிக்கும். கிம்ப்ல ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வெறும் படமாயிடும். ஒரே தொல்லை, கரண்ட் போனாலோ டேப் மூடினாலோ சேமிக்காத வேலை போச்சு. கிம்ப்பும் தானா சேமிக்காது, அதனால அடிக்கடி கண்ட்ரோல் எஸ். அது கிம்ப்போட சொந்த எக்ஸ்சிஎஃப் ஃபைலாத்தான் போகும். வெப்சைட்டுக்கு ஜேபெக், வெப்பி (WebP) வேணும்னா எக்ஸ்போர்ட்.

விளக்கை மேஜிக் வாண்ட்ல (ஒரே மாதிரி நிறத்தை ஒரு க்ளிக்ல தேர்வு செய்யற டூல், கிம்ப்ல ஃபஸி செலக்ட்) வெட்டாதீங்க. தேய்ச்சுப் பளபளன்னு வச்ச பித்தளையில ஜன்னல் வெளிச்சம் வெள்ளையா விழுந்திருக்கும், வாண்ட் அதையும் பின்னணின்னு நினைச்சுத் தின்னுடும், தண்டுல ஓட்டை விழும். பாத்ஸ் டூல் (B கீ) எடுத்து ஓரமா புள்ளி வச்சுட்டே வந்து என்டர் தட்டுங்க, தேர்வாயிடும். அப்புறம் செலக்ட் மெனுவுல ஷ்ரிங்க் (தேர்வைச் சுருக்க) 1 பிக்சல், ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்க) 1 பிக்சல். ஷ்ரிங்கை விட்டா பழைய பின்னணி மெல்லிய கோடா ஒட்டிட்டு வரும். லேயருக்கு ஆல்ஃபா சேனல் (அழிச்ச இடம் வெறுமையாத் தெரிய) சேர்த்து, தேர்வைத் தலைகீழாக்கி (கண்ட்ரோல் ஐ) டெலீட். அன்னப்பறவைக் கழுத்துக்கிட்ட மட்டும் புள்ளியை நெருக்கமா வைங்க, மத்த இடத்துல தாராளமா விடலாம்.

வெட்டாறு:
தமிழ் எழுத்தைப் பத்தி யாரும் சொல்லலையே. அஃபினிட்டி இரண்டாம் பதிப்பு வரைக்கும் "கொ"ன்னு அடிச்சா கொம்பு இடம் மாறி உக்காரும். பழைய போட்டோஷாப்லயும் வேர்ல்டு ரெடி லேஅவுட்டை (இந்திய மொழி எழுத்தைச் சரியாக் கோக்கற அமைப்பு) ஆன் பண்ணாட்டி அதே கதைதான். கிம்ப், இங்க்ஸ்கேப் ரெண்டுலயும் ஒழுங்கா வரும். எந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் முதல்ல "கும்பகோணம் கொட்டையூர்"னு அடிச்சுப் பாருங்க, அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

நோட்டீஸ் அடிக்கிற பிரஸ்லேர்ந்து வாசகம் வந்தா அது பாமினியா (யுனிகோடு இல்லாத பழைய தமிழ் ஃபான்ட்) இருக்க வாய்ப்பு அதிகம். யுனிகோடுக்கு மாத்தாம ஒட்டினா கன்னாபின்னான்னு ஆங்கில எழுத்தா வரும். இன்னொன்னு, பொருள் பேரைப் படத்துக்குள்ள எழுதவே வேண்டாம், எச்டிஎம்எல்ல வைங்க. கூகுள்ல தேடறவங்களுக்கும் கிடைக்கும், போன்லயும் மங்காது.

அரசலாற்றங்கரை:
நன்றி. ரெண்டு படம் ஏத்திப் பார்த்தேன், பித்தளை வெளிறிப் போய் தகரம் மாதிரி தெரியுது. போன்ல பார்த்தா தங்கமா மின்னுது!

குடமுருட்டி:
ஐபோன் படம் டிஸ்ப்ளே பி3ங்கற அகலமான நிறப் புரொஃபைல்ல (நிற எண்ணை எப்படிப் படிக்கணும்னு சொல்ற குறிப்பு) இருக்கும். எக்ஸ்போர்ட் பண்ணும்போது அந்தப் புரொஃபைல் கழன்டுட்டா, பிரவுசர் அதை எஸ்ஆர்ஜிபின்னு (வெப்சைட்டுக்கான வழக்கமான புரொஃபைல்) எடுத்துக்கும், மஞ்சள் செத்துடும். இமேஜ் மெனு, கலர் மேனேஜ்மென்ட், கன்வர்ட் டு கலர் புரொஃபைல், எஸ்ஆர்ஜிபி. இதை முடிச்சுட்டு எக்ஸ்போர்ட். அசைன் வேற, கன்வர்ட் வேற; அசைன் புரொஃபைல் பேரை மட்டும் மாத்தும், கன்வர்ட்தான் நிற எண்ணையும் மாத்தும். அதனால அசைன் கொடுத்தா வெளிறல் அப்படியே இருக்கும்.

அளவு: பக்கத்துல 600 பிக்சல் அகலத்துல தெரியற படத்தை 1200ல சேமிங்க, வெப்பி, தரம் 80. எக்ஸிஃப் (படத்தோட ஒட்டி வர்ற விவரம்) டிக்கை எடுத்துடுங்க, படம் எடுத்த இடத்தோட ஜிபிஎஸ் அதுல இருக்கும்.

வெட்டாறு:
140 படத்தையும் மொத்தமா சுருக்க இர்ஃபான்வியூ எடுக்கறவங்க உண்டு, ஆனா அது சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம், கடை வேலைக்கு லைசென்ஸ் வாங்கணும். கட்டளை அடிச்சு ஓட்டற இமேஜ்மேஜிக்குக்கு அந்தத் தடை இல்ல. அதோட மோக்ரிஃபை கட்டளை அளவைக் குறைக்கும்போது மூலப்படத்து மேலயே எழுதிடும். ஃபோல்டரைக் காப்பி எடுத்துட்டு ஓட்டுங்க.